ஏலத்துக்குப் போன வெள்ளணு

என் வேலை என்னவென்று அம்மாவுக்கு விளக்க நான் பட்ட பாட்டுக்கே தனியாக ஒரு முனைவர் பட்டம் கொடுக்கலாம். பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். மனிதக் கருவிலிருந்து எடுத்த மூலச்செல்லை வளர்த்து, அதை ரத்த வெள்ளணுவாக மாற்றுவது என் பிழைப்பு. அம்மா ராஜபாளையத்தில் எங்கள் தெரு முழுக்க, "என் மகன் ரத்த டாக்டர்" என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

இதனால் நான் லீவில் வந்து இறங்கி ஒரு வாய்க் காப்பி குடிப்பதற்குள், டெஸ்ட் எடுத்த தாள்களோடு நாலு பேர் வாசலில் நிற்பார்கள். "நான் டாக்டர் இல்லங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டியதுதானே? மாட்டேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தாளை வெளிச்சத்தில் பிடித்து, "வெள்ளணு செத்த கூடுதலா இருக்கு, தண்ணி நல்லாக் குடிங்க" என்பேன். தண்ணீர் குடித்து யாரும் செத்ததில்லை என்ற ஒரே தைரியம்தான். இந்த வீண் ஜம்பம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மூலச்செல் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கரு உண்டாகி அஞ்சாறு நாளில் அது ஒரு வெறும் உருண்டை. உள்ளே காலியாக இருக்கும். ஒரு ஓரத்தில் மட்டும் சிறு கொத்தாகச் சில செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கொத்துக்கு இன்னும் யாரும் வேலை ஒதுக்கவில்லை. அது கண்ணாகலாம், ஈரலாகலாம், தோலாகலாம், எதுவும் ஆகலாம். என்னைப்போல நாற்பது வயதை எட்டியும் எதுவுமாகாமல் திரிய மட்டும் அதற்கு அனுமதி கிடையாது. அதைத் தட்டில் வளர்த்து, ஒரு புரதத்தைக் கொடுத்தால் ரத்தக்குழாய்ச் சுவர் மாதிரி ஆகும். பிறகு வேறொரு புரதம். அந்தச் சுவரிலிருந்து ஒன்றிரண்டு செல்கள் பிடியை விட்டுக் கழன்று, உருண்டையாகி, மிதக்க ஆரம்பிக்கும். தாயின் வயிற்றுக்குள்ளும் ரத்தம் இப்படித்தான் தொடங்குகிறது. மிதப்பதை அள்ளி இன்னும் கொஞ்சம் பக்குவம் பண்ணினால், தட்டில் ஒட்டி, விரிந்து, ஊர்ந்து, எதிரே வருகிற கிருமியை விழுங்குகிற காவல் செல்லாகிவிடும். பெருவிழுங்கி என்று பாடப்புத்தகத்தில் பேர். எங்கள் வீட்டில் அந்தப் பேர் எனக்கு ஏற்கனவே பொருந்தியிருந்தது.

எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. என் தட்டில் வருடக்கணக்காக எதுவும் நடக்கவில்லை. தினமும் செல்கள் உண்டு வளர்கிற பழைய சாற்றை எடுத்துவிட்டுப் புதுச் சாறு ஊற்றுவேன். பொங்கலும் கிடையாது, கிறிஸ்துமஸும் கிடையாது. ஒரு தடவை செல்கள் எல்லாம் கூடி லப்டப் என்று துடிக்க ஆரம்பித்துவிட்டன. வெள்ளணுவாகச் சொன்னால் இதயத் தசை ஆகியிருக்கின்றன! என் பேராசிரியர் நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்துவிட்டு, உன் முகத்தைப் பார்த்துப் பயந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனுஷனோடு ஒரு வாரம் நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

கடைசியில் ஒருநாள் சொன்ன பேச்சைக் கேட்டன. சாயம் ஏற்றிப் படம் எடுத்தேன். கறுப்புப் பின்னணியில் பச்சையாக விரிந்து கிடக்கும் ஒரு செல், நடுவே நீலத்தில் உட்கரு, வயிற்றுக்குள்ளே அது விழுங்கிய சிவப்புப் பொட்டுகள். என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. அதைச் சும்மா கணினியில் போட்டு வைக்க மனசு வரவில்லை.

நான் லீவில் ராஜபாளையம் வந்திருந்த சமயம் பார்த்து அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபையில் அது பெரிய விசேஷம். அவரவர் கைப்பாட்டின் முதற்பலனைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விட்டு, வருகிற காசை ஆலயத்துக்குச் சேர்ப்பார்கள். செட்டியார்பட்டிப் பக்கத்து ஆட்கள் மக்காச்சோளமும் தேங்காயும் கொண்டுவருவார்கள். பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் பேண்டேஜ் சுருளைக் கொண்டுவருவார்கள். சிமென்ட் ஆலை இருக்கும் ஆலங்குளத்திலிருந்து வருகிற ஒருவர் வருஷம் தவறாமல் ஒரு மூட்டை சிமென்ட் வைப்பார். ஒரே ஒரு முட்டையை ஆள் மாற்றி ஆள் ஏலத்தில் எடுத்து, "ஆலயத்துக்கே" என்று திருப்பிக் கொடுத்து, மறுபடி மறுபடி அதையே ஏலம் விட்டு, ஒரு கோழிப் பண்ணை விலைக்கு ஏற்றிவிடுவார்கள்.

அம்மா வழக்கம்போல என் பேருக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் எடுத்துவைத்திருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கைப்பாட்டின் பலன் முருங்கைக்காயா என்று கேட்டேன். வேறென்ன இருக்கிறது உன்னிடம் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை உசுப்பிவிட்டது. நேரே தென்காசி ரோட்டில் ஒரு கடைக்குப் போய், அந்த வெள்ளணுப் படத்தை ஒரு ஆள் நெஞ்சகலத்துக்குப் பெரிதாக்கி, தங்கக் கலர் சட்டம் போட்டு, கண்ணாடி மாட்டி வாங்கிவந்துவிட்டேன். கடைக்காரர் ஆணியடித்துக்கொண்டே, எந்தக் கிரகம் சார் இது என்று கேட்டார். ஞானிகளுக்கு ஊரில் இதெல்லாம் சகஜம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் அக்காவும் அத்தானும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அக்கா அங்கே தபாலாபீசில் கவுண்டரில் உட்கார்கிறவள். என்னைவிட நாலு வயசு மூப்பு. அத்தான் பேண்டேஜ் மில்லில் சூப்பர்வைசர். பல வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து பிறந்த மகள், இப்போது நாலாங்கிளாஸ் படிக்கிறாள். மதுரையில் ஏதோ வைத்தியம் பார்த்தார்கள், பிள்ளை பிறந்தது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

ஏலம் விடுபவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மைக் இல்லாமலே மலையடிவாரம் வரைக்கும் கேட்கும். பூசணி போயிற்று, சேவல் போயிற்று, சிமென்ட் போயிற்று. அப்புறம் என் படத்தைத் தூக்கிப் பிடித்தார். தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். எது மேல், எது கீழ் என்று எனக்கே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

சபை கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. பிறகு பின்வரிசையில் யாரோ, கொத்தமல்லி ஊத்தப்பம் என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. சபைப் போதகரான ஐயர் இரக்கப்பட்டு, தம்பியே இதைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லட்டும் என்று என்னைக் கூப்பிட்டார். ரெண்டு வார்த்தையாம். என்னிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு ரெண்டு வார்த்தை எதிர்பார்ப்பது அணையைத் திறந்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் கேட்பது. வெளியே சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி கொதிக்கிற வாசம் வந்துகொண்டிருந்தது. பசியோடு உட்கார்ந்திருந்த சபைக்கு முன்னால், கரு எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.

பேச்சின் நடுவே, என் செல்கள் எங்கிருந்து வந்தன என்றும் சொன்னேன். பிள்ளை இல்லாதவர்களுக்கு வெளியே வைத்துக் கரு உண்டாக்குகிறார்கள். அதில் ஒன்றிரண்டை வயிற்றில் வைத்ததுபோக மீதியை உறையவைத்துவிடுவார்கள். யாருக்கும் வேண்டாத மிச்சம், குப்பைக்குப் போக வேண்டியது, அதைத்தான் நாங்கள் வாங்கி இப்படி உபயோகமாக மாற்றுகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நல்ல வார்த்தைகளைப் பேசுகிறோம் என்றுதான் நினைத்தேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்த் தொட்டியில் துள்ளி.

நான் இறங்கியதும் கண்டக்டர் நூறு ரூபாயில் ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. ஐம்பதுக்கு இறக்கினார். அதற்கும் ஆளில்லை. சட்டத்துக்காவது கேளுங்கப்பா என்று அவர் கெஞ்சினார். பெண்கள் பக்கம் அம்மா தலையைக் குனிந்து, அந்த முருங்கைக்காய்க் கட்டை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று நிச்சயமாகச் சொல்வேன். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விட வேண்டும்போல் இருந்தது.

அப்போது அக்கா எழுந்து, "ஐநூறு" என்றாள்.

கண்டக்டர் மலர்ந்து, ஐநூறு ஒரு தரம் என்று சொல்லி மூச்சு வாங்குவதற்குள், "ஆயிரம்" என்றாள். அதுவும் அக்காதான்.

"எம்மா, உன் கேள்விக்கு மேல நீயே கேட்டா எப்படிம்மா?" என்றார் அவர். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. பணத்தைக் கட்டினாள், படத்தை வாங்கினாள். வழக்கப்படி "ஆலயத்துக்கே" என்று திருப்பிக் கொடுப்பாள் என்று பார்த்தேன். கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். தம்பி மானத்தைக் காப்பாற்றுகிறாள் பாவம் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதையும் என்னைச் சுற்றியே நடப்பதாக நினைக்கிற புத்தி எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, படத்தைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், நீ என்னோடு ஸ்கூட்டரில் வா என்றாள். அத்தான் மகளோடு பைக்கில் முன்னாலேயே போய்விட்டார். அக்கா ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கிற அந்தப் படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் போனேன். எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டே போனார்கள்.

பாதி வழியில் அக்கா, தலையைத் திருப்பாமல், "ஏலே, இது யாரு புள்ள?" என்று கேட்டாள்.

எனக்குக் காற்றில் சரியாக விளங்கவில்லையோ என்று நினைத்தேன். பிள்ளை இல்லை அக்கா, இது செல் என்றேன்.

"செல்லுதாம்லே. யாரு புள்ளைட்ட இருந்து எடுத்தது?"

தெரியாது என்றேன். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் வெளிநாட்டில் யாரோ கொடுத்த கரு. அதிலிருந்து எடுத்த செல்களை வளர்த்து வளர்த்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். எங்களுக்கு ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் போட்ட குப்பியில் வரும். பேரெல்லாம் சொல்ல மாட்டார்கள். அந்த அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். எது என்றேன். அவள் பிள்ளையின் படத்தை ராஜபாளையத்தில் ஏலம் விட்டது என்றாள். நான் ஹோ என்று சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

மடவார் வளாகத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு டீக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே, "என்ட்ட மூணு இருக்கு" என்றாள்.

எனக்கு ஒன்றும் ஏறவில்லை. மூன்று என்ன என்று கேட்டேன். இத்தனைக்கும் அரை மணி நேரம் ஒரு சபைக்கே வகுப்பெடுத்துவிட்டு வந்திருக்கிற ஆள்.

"மதுரையில. ஐஸ்ல வச்சிருக்காவ. எம் மவ பொறந்தாள்லா, அப்ப உண்டாக்குனதுல மிச்சம்" என்றாள். மிச்சம் என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள்.

டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். அந்த நேரத்துக்கு என் மண்டையில் உதித்தது அதுதான். சொன்னால் வெட்கக்கேடு. அவள் அழுதாள். நான் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே வைக்க இடம் இல்லை. டீக்கடைக்காரர், வீட்டில் ஏதும் துக்கமா, யாரு படம் அது என்று விசாரித்தார்.

விஷயம் இதுதான். மகள் பிறந்தபோது அக்கா சாகக் கிடந்து பிழைத்தாள். இன்னொரு பிள்ளை என்று நினைக்கவே கூடாது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். அந்த மூன்றும் வருஷா வருஷம் ஐஸிலேயே இருந்தன. அவளும் அத்தானும் அதைப் பற்றி ஒருவருக்கொருவர்கூடப் பேசிக்கொள்ளவில்லை. இப்போது வைத்திருக்கச் சட்டப்படி உள்ள காலம் முடியப்போகிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. அப்படியே கரைந்துபோக விட்டுவிடச் சொல்லலாம், அல்லது ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். யாரிடம் கேட்பாள்? அம்மாவிடம் சொன்னால் தாங்க மாட்டாள். ஐயரிடம் சொன்னால் ஜெபக் குறிப்பில் போட்டுவிடுவார். எங்கள் சபையில் ஜெபக் குறிப்பை மிஞ்சிய பத்திரிகை கிடையாது. கேட்கலாம் என்று அவள் நினைத்த ஒரே ஆள், மைக்கைப் பிடித்து, குப்பைக்குப் போக வேண்டியது என்று சொல்லிவிட்டான்.

அக்கா வீட்டிலேயே அந்த வாரம் தங்கினேன். அவளுக்குப் புரியவைப்பது என் கடமை என்று எனக்குள் ஒரு வேகம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அவள் ஆராய்ச்சிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நான் ஏற்கனவே முடிவு பண்ணிவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொன்னால், நான் இத்தனை வருஷம் செய்ததையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் அல்லவா? மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, படம் படமாகப் போட்டு விளக்கினேன். கரு முதலில் கட்டுவது ரத்தத்தைத்தான், எலும்பெல்லாம் பிறகுதான் என்றேன். முதல் காவல் செல்கள் உடம்பிலேயே உண்டாவதில்லை, பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னப் பையில் உண்டாகி, உள்ளே ஊர்ந்து வந்து, மூளைக்குப் போய் உட்கார்ந்துகொள்கின்றன, அவற்றின் வம்சம்தான் சாகும்வரை அங்கே காவல் இருக்கிறது என்றேன். மூன்றாவது படத்தில் அத்தான் உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிவிட்டார். அவருக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அக்கா தூங்கவில்லை. அவள் கேட்ட கேள்விகள் எதுவும் என் படங்களில் இல்லை. அதை அறுப்பார்களா என்று கேட்டாள். ஆமாம், வெளித்தோலை நீக்கி உள்ளே இருக்கும் கொத்தை எடுப்பார்கள் என்றேன். வலிக்குமா என்றாள். நரம்பே இன்னும் உண்டாகவில்லை, வலிக்காது என்றேன். அதை வைத்து எங்காவது யாராவது பிள்ளை பெற்றுவிடுவார்களா என்றாள். இல்லை என்றேன்.

"அப்ப அது செத்துரும்?"

"கரு இருக்காதுக்கா. செல் இருக்கும். பெருகிட்டே இருக்கும்."

"எம்புட்டு நாளைக்கு?"

பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும்வரைக்கும் என்றேன். கொடுக்கிற எல்லாமே அப்படி ஆகிவிடுமா என்று பிறகு கேட்டாள். அதற்கும் பதில் தெரியும், ஆனால் சொல்ல விருப்பமில்லை. பெரும்பாலும் ஆகாது. ஐஸிலிருந்து கரைந்து எழும்போதே சில போய்விடும். சிலவற்றைப் புதிதாகச் சேர்ந்தவர்கள் கைப்பழக்கத்துக்கு எடுப்பார்கள். இதையெல்லாம் முழுங்கிவிட்டு, உன் பிள்ளைகளால் எத்தனை நோயாளிகளுக்கு நல்லது நடக்கலாம் தெரியுமா என்று ஆரம்பித்தேன்.

"நீ ஏதோ விக்க வந்தவன் மாதிரி பேசுத" என்றாள் அக்கா.

சுருக்கென்று இருந்தது. கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த மாடியிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரியும், மேற்கே மலை தெரியும், எதைப் பார்த்தாலும் மனசு ஆறவில்லை. பெங்களூருக்குப் போன் போட்டு, என் செல்களுக்குச் சாறு மாற்றினாயா என்று கூட வேலை செய்கிறவளிடம் கேட்டேன். மாற்றியாயிற்று என்று சலிப்போடு சொன்னாள். தினமும் நாலு தடவை இப்படிக் கேட்டு அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தட்டுகளில் இருப்பவை நலமா என்று இப்படித் துடிக்கிறேன். அவற்றைக் கொடுத்த பெண் எப்படி இருக்கிறாள் என்று ஒரு தரம்கூட யோசித்ததில்லை. அவளும் யாராவது ஒரு தம்பியின் முன்னால் உட்கார்ந்து, வலிக்குமா என்று கேட்டிருப்பாள்.

கீழே வந்து, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது அக்கா, வீணாகத்தான் போகும் என்ற உண்மையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "நீன்னா என்னல செய்வ?" என்றாள்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. தெருக்காரர்களின் ரத்தக் கொழுப்புக்குக்கூட என்னிடம் பதில் உண்டு. "தெரியலக்கா" என்றேன்.

அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் லேசானது. என் தட்டை எடுத்து இன்னும் ரெண்டு இட்லி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில், அத்தான் ஷிப்ட் முடிந்து வந்து பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அவளே முடிவைச் சொன்னாள். "கீழ ஊத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆகுதோ ஆகலையோ, யாராச்சும் கையில எடுத்துப் பாக்கட்டும். குடுத்துருவோம்." அத்தான் வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, முகம் கழுவப் போனார். நெடுநேரம் கழுவினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பயம்தான் வந்தது.

அந்த மதுரை ஆஸ்பத்திரிக்காரர்கள் சனிக்கிழமைதோறும் ராஜபாளையத்தில் ஒரு மாடியில் வந்து உட்காருவார்கள். கீழே மருந்துக்கடை. மூன்று பேரும் போனோம். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, பேங்கு வேலை என்று அக்கா பொய் சொன்னாள். ஆலோசனை சொல்ல இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கலாம். நிதானமாக, ஒவ்வொரு பாராவாகப் படித்துச் சொன்னாள். நடுவே மூலச்செல் பற்றி ஒரு இடத்தில் அவள் கொஞ்சம் தப்பாகச் சொல்ல, நான் திருத்த வாயைத் திறந்தேன். அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நல்ல மிதி.

அத்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். அக்கா பேனாவை வாங்கினாள். தபாலாபீசில் நாள் முழுக்கக் கையெழுத்துப் போடுகிறவள், பேனாவைப் பிடித்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் அவள் முதுகில் கை வைத்தார். போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கும் போட்டாள்.

சாட்சிக்கு ஒருத்தர் வேண்டும் என்றாள் அந்தப் பெண். தாள் என் பக்கம் வந்தது. இத்தனை வருஷத்தில் இப்படிப்பட்ட தாளை நான் பார்த்ததே இல்லை. எங்களுக்குக் குப்பி மட்டும்தான் வரும். கையெழுத்துப் போட்டேன்.

"உறவு என்னன்னு சார் போடணும்?" என்று பேனாவோடு என்னைப் பார்த்தாள்.

தம்பி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தாய்மாமன்" என்றேன்.

அவள் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாருக்கு சார்?" என்றாள்.

அக்கா மடியிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"சரியாத்தாம்மா சொல்லுதான். எழுதிக்கோ."